எந்த முன்னால்?

வியாழக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு, படக்கதை வரைகிற கிறுக்கி, ஐம்பத்துநாலாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பேனா தானாகத்தான் விழுந்தது. வலது கை கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் ஆறு மாதமாக உணர்ச்சி சரியில்லை. கையில் எதைப் பிடித்திருக்கிறோம், எதை எப்போது விட்டோம் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கிடக்கிறது, திறந்துதான் விடுவிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை ஆபரேஷன். அப்புறம் மூன்று மாதம் பேனா தொடக்கூடாது. மூன்று மாதம் கழித்துப் பழைய கோடு வருமா என்று இவள் கேட்டதற்கு, மேசைமேல் கிடந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார், அந்த மனுஷர்.

அதனால்தான் இந்த அவசரம். புத்தகத்தின் தொடக்கமும் முடிவும் முன்பே வரைந்தாகிவிட்டது; நடுவில் பாக்கியிருந்தவை முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்துநாலு வரை இருபத்துநாலு பக்கங்கள், பத்தொன்பது நாளில். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா" என்றாள். அந்த அப்பாடாவுக்கு ஆயுள் பதினேழு மணி நேரம்தான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

கிறுக்கி என்பது அண்ணன் வைத்த பெயர். மூன்று வயதில் வீட்டுச் சுவரெல்லாம் கரியால் கிறுக்கித் தள்ளியதற்காக வைத்தான். வளர்ந்த பிறகு அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தத்துக்கும் அவள் குறை வைக்கவில்லை. இப்போது நாற்பத்தோரு வயது. புத்தக அட்டையிலேயே 'படம்: கிறுக்கி' என்றுதான் அச்சாகிறது. அதற்கு மேல் வரியில் 'கதை: அண்ணி'. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் கதை எழுதுகிறாள். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து சமையலறையில் ஒரு டீ போட்டாலே மூன்றாம் உலகப்போர் வரும், இதில் புத்தகம் வேறா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். முதல் பாகம் வந்து ஒரு வருடம் ஆகிறது. போர் வரவில்லை என்பதில் சிலருக்கு இன்னும் வருத்தம்தான்.

கதை இதுதான். ஒரு அக்கா, ஒரு தம்பி. மாடியறையில் ஒரு காலப்பொறி. எத்தனை வருடம், எந்தப் பக்கம் என்று வாயால் சொன்னால் போதும், கொண்டுபோய் விட்டுவிடும். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அக்கா மாடிப்படி ஏறி வருவதற்குள் தம்பி பொறியில் உட்கார்ந்து காணாமல் போய்விடுகிறான். பொறி மட்டும் காலியாகத் திரும்பி வருகிறது. அதன் முகப்பில் 300 என்ற எண். அவ்வளவுதான், முற்றும். அந்த ஒரு வருடத்தில் பிள்ளைகளிடமிருந்து வந்த கடிதங்கள் இரண்டு பெட்டி. தம்பி எங்கே, எப்போது கூட்டிவருவீர்கள் என்று மிரட்டல். ஒரு பெண் குழந்தை மட்டும், 'அங்க அவனுக்கு யார் சாப்பாடு குடுக்கறாங்க?' என்று கேட்டிருந்தது. கிறுக்கி அந்தக் கடிதத்தை விளக்கின் தண்டில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் இரண்டாம் பாகத்தை வரைந்தாள்.

அண்ணிக்குப் பிழைப்பு பஸ் டிப்போவில். நேர அட்டவணை போடுகிற வேலை. இத்தனை மணிக்கு இந்த வண்டி கிளம்பினால் அந்த வண்டி எங்கே நிற்கும் என்று நாள் முழுக்கக் காலத்தோடு மல்லுக்கட்டுகிறவளுக்குக் காலப்பயணக் கதை தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. பழைய அட்டவணைத் தாள்களைக் கிழித்து, பின்பக்கம் எழுதுவாள். பக்கத்துக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு இரண்டு வரி. 'அக்கா ஓடுகிறாள். காவலர்கள் துரத்துகிறார்கள்.' அவ்வளவுதான் இருக்கும். கிறுக்கி அதைப் படமாக்குவாள். படத்தைப் பார்த்த பிறகே அண்ணி வசனம் எழுதுவாள். 'முதலில் படம், அப்புறம் பேச்சு' என்பது அவர்களுக்குள் சட்டம். ஞாயிறு தோறும் சாப்பாட்டு மேசையில் பக்கங்களைப் பரப்பி இரண்டு பேரும் ஒன்றாகப் பார்ப்பார்கள்.

இந்தத் தடவை சட்டம் மீறப்பட்டது. டிப்போவில் மொத்த அட்டவணையையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள்; அண்ணிக்கு மூன்று ஞாயிறும் வேலை. கிறுக்கிக்கோ கை. அதனால் இவள் இங்கே படத்தை வரைந்தாள், அவள் அங்கே படத்தைப் பார்க்காமலே வசனத்தை எழுதினாள், இரண்டும் நேராகப் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே இரண்டு யானைகள் ஒரே நாளில் ஒரே இடத்தில் சறுக்கின.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பிழை திருத்துபவரின் கேள்விப் பட்டியல் வந்தது. அவருக்குப் பதிப்பகத்தில் முற்றுப்புள்ளி என்று பெயர். அவர் ஒன்றைத் தவறு என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் பேச முடியாது. கல்லில் நார் உரிக்கிறவர். கிறுக்கி டீயை இடது கையில் பிடித்துக்கொண்டு போனில் படித்தாள்.

'1. பக்கம் 31. அக்கா முந்நூறு வருடம் முன்னால் போகிறாள் என்று சீட்டில் உள்ளது. படத்தில் அறுபது மாடிக் கட்டடங்களும் பறக்கும் வண்டிகளும் பல்லாயிரம் விளக்குகளும் உள்ளன. வசனத்திலோ, "அய்யோ, இங்க இன்னும் கரண்ட்டே வரல போலிருக்கே" என்கிறாள். எந்த முன்னால்?'

டீ கீழே சிந்தியது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அந்தக் கேள்வியை மறுபடி படித்தாள். முன்னால். அண்ணி எழுதிய முன்னால், முன்னொரு காலத்து முன்னால். இவள் படித்த முன்னால், முன்னேறிப் போகிற முன்னால். தம்பி பழங்காலத்துக்குப் போனான் என்பது அண்ணிக்குக் கேட்கவே தேவையில்லாத விஷயம். வருங்காலத்துக்குப் போனான் என்பது இவளுக்குச் சொல்லவே தேவையில்லாத விஷயம். ஒரு வருடமாக ஒரே வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்து அவனைப் பற்றியே பேசியிருக்கிறார்கள்; ஆளுக்கு ஒரு திசையில் தேடிக்கொண்டு!

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மாலை ஐந்து மணிக்குப் புத்தகம் அச்சகத்துக்குப் போக வேண்டும். தவறினால் அச்சகம் பாடப்புத்தகத்துக்குப் போய்விடும், ஏழு மாதத்துக்குத் திரும்பிப் பார்க்காது. அதுகூடப் பரவாயில்லை. கை ஆபரேஷன் என்று தெரிந்த நாளே பதிப்பகத்தில் நைசாக ஒரு வார்த்தை விட்டிருந்தார்கள்: 'முடியலன்னா சொல்லுங்க, அந்தப் பக்கங்கள மட்டும் வேற யாரையாவது வச்சுப் போட்டுக்கலாம்.' இருபத்துநாலு பக்கங்களும் குப்பைக்குப் போகும். வேறு ஒரு கை வந்து அக்காவின் மூக்கை வரையும். இந்தக் கை இனிமேல் கோடு போடுமோ போடாதோ, கடைசியாகப் போட்ட கோடுகள் தப்பான திசையில் போன கோடுகள் என்று ஆகிவிடும்.

கீழே அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"அண்ணா, 'முன்னால'ன்னா உனக்கு என்ன அர்த்தம்?"

"எனக்கா? முன்னால நிம்மதியா இருந்தேன்னு அர்த்தம். ரெண்டு பேரும் புக்கு போட ஆரம்பிக்கறதுக்கு முன்னால."

இவனிடம் கேட்டதற்குத் தன்னையே நொந்துகொண்டு, பையில் லேப்டாப்பைத் திணித்துக்கொண்டு அவள் டிப்போவுக்குக் கிளம்பினாள். போனில் சொல்கிற விஷயமா இது?

டிப்போவின் அட்டவணை அறை மாடியில் இருந்தது. சுவர் முழுக்க ஒரு பெரிய பலகை; குறுக்கே மணிகள், நெடுக்கே வண்டி எண்கள், நடுவில் சிவப்பும் பச்சையுமாய் ஊசிகள். ஜன்னலுக்குக் கீழே வண்டிகள் பின்வாங்கும் சத்தம். அண்ணி வாயில் நாலு ஊசிகளைக் கடித்தபடி ஒரு ஸ்டூலில் ஏறி நின்றிருந்தாள். நாத்தனார் முகத்தைப் பார்த்ததும் ஊசிகளை எடுத்துவிட்டு இறங்கினாள்.

"என்ன ஆச்சு? கை ரொம்ப வலிக்குதா?"

"கை இல்ல அண்ணி. முன்னால."

"எது முன்னால?"

"அதத்தான் அவரும் கேக்கறாரு" என்று கிறுக்கி போனை நீட்டினாள். வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். அண்ணி கத்துவாள். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா என்பாள். சொந்தக்காரர்கள் எதிர்பார்த்த அந்தப் போர் இன்றைக்குத்தான், இந்த அறையில்தான்.

அண்ணி படித்தாள். மறுபடியும் படித்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிறுக்கி பதறி அருகே போனால், அந்த மகராசி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பல்லாயிரம் வெளக்கு எரியுது, இவ கரண்ட் வரலங்கறாளா? அய்யோ, கடவுளே!" சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்தாள். "என் தப்புடி. சீட்டுல ஒரு வார்த்த கூட எழுதியிருந்தா தீந்திருக்கும். பஸ்ல ஆடிக்கிட்டே எழுதறது, ரெண்டு வரிக்கு மேல கை ஓடாது."

"இல்ல, என் தப்பு. நான் ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும்."

"சரி, ஆளுக்குப் பாதி."

கிறுக்கிக்கு மூச்சு திரும்பி வந்தது. மலைபோல வந்தது பனிபோல விலகும் என்பது எல்லா நேரமும் நடக்கிறதில்லை. அண்ணியின் கோபத்தைப் பொறுத்தவரை இன்று நடந்துவிட்டது. ஆனால் பக்கங்கள்? சுவர்க் கடிகாரம் பதினொன்றரையைக் காட்டியது. படங்களை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது வசனக் குமிழ்கள் மட்டும்தான். அவை கோப்பில் தனி அடுக்காக இருந்தன, ஐந்து மணி வரை எழுத்தைத் தொடலாம்.

"வருங்காலத்துக்கே போனான்னு வச்சுக்கலாமா?" என்றாள் கிறுக்கி.

"முடியாதே. முப்பதாம் பக்கம் வரைக்கும் ஏற்கனவே லேஅவுட் முடிஞ்சு பூட்டியாச்சு. அதுல அக்கா, 'தம்பி அந்தக் காலத்துல தனியா என்ன பண்றானோ'ன்னு புலம்பறா. நீ அதப் படிச்சியா?"

"நான் குமிழ எங்க படிக்கறேன், அதுக்கு எடம் மட்டும்தான் விடுவேன்."

வெளியே ஒரு வண்டி விடாமல் ஹார்ன் அடித்தது. அண்ணி போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இங்க ரெண்டாவதா ஒண்ணு கேட்டிருக்காரே, பாத்தியா?"

பார்க்கவில்லை. முதல் கேள்வியிலேயே டீயைக் கொட்டியவள் இரண்டாவதை எங்கே பார்ப்பாள்?

"கெணறு வெட்டப் போய்ப் பூதம் கெளம்பின கத. இன்னொரு தப்பா?" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணி வாய்விட்டுப் படித்தாள். 'பக்கம் 54. கோட்டை வாசல் கல்லில் தம்பி கிறுக்கிய நத்தைப் படம். அதன் கோடுகள் தேய்ந்து, மேலே பாசி படர்ந்துள்ளது. தம்பி காணாமல் போய் ஒரு வருடம்தான் ஆகிறது. ஒரு வருடத்தில் கல் இவ்வளவு தேயுமா? திருத்துக.'

தம்பி போகிற இடமெல்லாம் நத்தை கிறுக்குவான். முதல் பாகத்திலேயே பிள்ளைகளுக்கு அது தெரியும். 'கோட்டை வாசல். தம்பியின் அடையாளம் கிடைக்கிறது' என்பது அண்ணியின் சீட்டு. கோட்டை என்றால் பழசு, பழசு என்றால் பாசி என்று கிறுக்கியின் கை தன் வழக்கப்படி பாசியைப் போட்டுவிட்டது. கோபுரம் கோபுரமாக நிற்கும் புது ஊருக்கு நடுவே ஒரு இடிந்த வாசல், அதில் பாசி பிடித்த ஒரு நத்தை. யோசித்து வரைந்தது இல்லை.

"அது வந்து அண்ணி, கை பழக்கம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

அண்ணியும் நிமிர்ந்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம்.

"பாசி பிடிச்சிருக்குன்னா..." என்றாள் கிறுக்கி.

"அவன் நேத்து கிறுக்கல. எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னாலயே கிறுக்கியிருக்கான்!"

"அப்ப அவன் இங்க இல்ல."

"இங்க இருந்தான்!" என்று அண்ணி மேசையைத் தட்டினாள். ஊசி டப்பா குதித்தது. "அக்கா 'முந்நூறு வருஷம் முன்னால போ'ன்னு சொல்றா. பழசுக்குன்னு நெனச்சுதான் சொல்றா. பொறி உன்ன மாதிரி ஒரு கிறுக்குப் பொறி, அது புதுசுக்குக் கொண்டுபோய் விட்டுடுது. இவ அங்க பேய்முழி முழிக்கறா, ஓடறா, தொரத்தறாங்க. கடசியில நத்தையப் பாக்கறா. பாசியப் பாக்கறா. தப்பு வழியில வந்ததாலதான் அவன் எங்க இருக்கான்னே தெரியுது!"

கிறுக்கிக்கு அண்ணியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, கட்டியும் கொண்டாள். அட்டவணை அறையில் எதிர் மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தன் ஊசிகளுக்குள் போனார்.

அண்ணி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். டிப்போ கேன்டீனின் மூலை மேசையில் லேப்டாப்பை வைத்து, பன்னிரண்டு மணிக்கு முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஆரம்பித்தார்கள். கிறுக்கி ஒவ்வொரு படத்தையும் சொல்லச் சொல்ல அண்ணி குமிழை நிரப்பினாள். 'கரண்ட்டே வரல' போய், 'இதென்ன, அந்தக் காலத்துலயே இவ்வளவு வெளக்கா?' வந்தது. பறக்கும் வண்டியைப் பார்த்து, 'ராஜாவோட பல்லக்கு போல' என்று அக்கா தப்பாகப் புரிந்துகொள்வது வந்தது. படத்தைப் பார்க்காமல் எழுதியதைவிட இது பத்து மடங்கு நன்றாக இருந்தது. அண்ணி சிரித்துச் சிரித்துத் தட்டினாள்.

மூன்றரைக்குச் சிக்கல். ஐம்பத்துநாலாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் அக்கா பொறியிடம் சரியான கட்டளை சொல்ல வேண்டும். அடுத்த பக்கம், ஏற்கனவே வரைந்து முடித்த, எந்தக் காலத்துக்கும் பொருந்துகிற ஆற்றங்கரை. அங்கே தம்பி தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

"முன்னாலன்னு இனிமே சொல்ல மாட்டா, சூடு பட்டாச்சு. 'பின்னால போ'ன்னு சொல்லட்டுமா?"

"அண்ணி, பின்னாலன்னா 'அப்புறம்'னும் அர்த்தம் இருக்கே. 'பின்னால பாத்துக்கலாம்'னா எப்போ?"

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்னடி பாஷ இது! எந்தப் பக்கம் திரும்பினாலும் ரெண்டு பக்கமும் போகுது."

கிறுக்கி கண்ணாடி டம்ளரை இடது கையில் உருட்டிக்கொண்டே யோசித்தாள். அந்தக் கடிதம் எழுதிய குழந்தை பொறியில் உட்கார்ந்தால் என்ன சொல்லும்?

"நேத்துப் பக்கமா போ" என்றாள்.

"என்ன?"

"நேத்துக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கு. 'நேத்துப் பக்கமா போ!'"

அண்ணி உடனே தட்டினாள். தட்டி முடித்ததும் அந்தக் குமிழை இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.

நாலு இருபதுக்குக் கோப்பு முற்றுப்புள்ளிக்குப் போனது. நாலு முப்பத்தைந்துக்குப் போன் வந்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்பத்துநாலாம் பக்கத்துல 'நேத்துப் பக்கமா முந்நூறு வருஷம்'னு போட்டிருக்கீங்க" என்றது அந்த வறண்ட குரல். "அவ ஏற்கனவே முந்நூறு வருஷம் தப்பா வந்திருக்கா. திரும்ப முந்நூறு போனா வீட்டுக்குத்தான் போவா. தம்பிகிட்ட போகணும்னா அறுநூறு."

வண்டி வண்டியாகக் காலக்கணக்குப் போடுகிற அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மாத்திடறேன் சார்."

"நான் மாத்திட்டேன்." தாள் புரளும் சத்தம் கேட்டது. கிறுக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பாசி."

"சொல்லுங்க சார்."

"இருக்கட்டும். நல்ல பாசி."

முப்பது வருடத்தில் அவர் எதையும் நல்லது என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. நாலு ஐம்பத்திரண்டுக்குப் புத்தகம் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று செய்தி வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கிறுக்கி கேன்டீன் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். ஒரு கோடு கூட வீணாகவில்லை. அவளுக்கு நிம்மதியில் அழுகை வந்தது; வந்ததை அவள் தடுக்கவில்லை. அண்ணி இரண்டாவது டீயும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, முகத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு பச்சைத் துணியைக் கட்டிவிட்டுச் செய்தார்கள். வெளியே அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்திலேயே அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். இந்தத் தடவை நகர்த்தி வைக்கப் பக்கத்தில் எந்தப் பேப்பர் வெயிட்டும் இல்லை.

"நரம்பு நான் பயந்த மாதிரி இல்ல. நல்லா இருக்கு. மூணு மாசம் பொறுத்துக்குங்க, கை முன்ன மாதிரி ஆயிடும்."

"டாக்டர்" என்றாள் அண்ணி. முற்றுப்புள்ளியின் குரல் அப்படியே அவள் வாயில் வந்தது. "எந்த முன்ன?"

டாக்டர் விழித்தார். "எந்த முன்னவா? கை மரத்துப் போறதுக்கு முன்ன. ஒரு ஆறேழு மாசத்துக்கு முன்ன எப்படி இருந்துச்சோ, அப்படி."

"நேத்துப் பக்கமா ஆறு மாசம்" என்று அண்ணி நாத்தனாருக்கு மொழிபெயர்த்தாள். அண்ணன், இந்தக் குடும்பத்தில் வாக்கப்பட்டது யார், பிறந்தது யார் என்றே தெரியவில்லை என்று டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டான்.

மத்தியானம் வீட்டில், கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கிறுக்கி படுத்திருந்தாள். மருந்தின் மதமதப்பு இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த, ஆறு மாதமாக மரத்துக் கிடந்த கட்டைவிரலை லேசாகப் பிடித்துக்கொண்டு, அச்சகத்திலிருந்து வந்த செய்தியை மூன்றாவது தடவையாக வாசித்துக் காட்டினாள். முதல் தாள்கள் ஓட ஆரம்பித்துவிட்டனவாம்.

கிறுக்கி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சட்டென்று வாசிப்பை நிறுத்தும்படி தலையை அசைத்தாள்.

"என்னடி? வலிக்குதா?"

"இல்ல அண்ணி" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "உங்க மோதிரம் குத்துது."

அண்ணி கையை எடுக்கவில்லை.